தியானமா, தொண்டா? சனிக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் எங்கள் வாயில் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. சுற்றிலும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்று சொல்லப்படும் தென்னமரம் தோட்டம் 1917இல் இங்கேதான் போடப்பட்டது. நான் எண்ணெய் ஆலையில் லாரி எடை போடும் கிராணி, அதாவது குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கீதையும் திருமுறையும் படிக்கும் சிறு வகுப்பு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் வேலையிலிருந்து நேராக வருகிறவர்கள். அதனால் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான்: கண்ணை மூடி உட்காருவதா, கையைக் காலை அசைத்துச் செய்வதா, எது சாமிக்குக் கிட்டே கொண்டுபோகும்? ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ரெண்டு வழி ரெண்டு வழின்னு சொல்றீங்களே, எது எது? முதல்ல அதச் சொல்லுங்க.

ஒன்று ஞான வழி. நான் யார், எது நிலையானது என்று உள்ளே பார்த்துக்கொண்டே போவது. தியானம், விசாரணை, துறவு எல்லாம் இந்தப் பக்கம். இன்னொன்று கர்ம வழி. இருக்கிற இடத்திலேயே, செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே, அதன் பலனில் ஒட்டாமல் இருக்கப் பழகுவது.

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தை அர்ஜுனனே இப்படித்தான் தொடங்குகிறான். ‘செயலைவிட அறிவு மேல் என்றால் என்னை ஏன் இந்தக் கொடிய காரியத்தில் தள்ளுகிறாய்? குழப்பாமல் ஒன்றைச் சொல்’ என்று சலித்துக்கொள்கிறான். கிருஷ்ணர் உடனே ஒன்றைத் தேர்ந்து கொடுப்பதில்லை. இரண்டு நெறிகளையும் நானே முன்பு சொன்னேன், ஆராய்கிறவர்களுக்கு ஞானம், செயல்படுகிறவர்களுக்குக் கர்மம் என்கிறார்.

அப்ப கண்ணன் முடிவா என்னதான் சொன்னாரு? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

ஐந்தாம் அத்தியாயத்தில் நேராகவே சொல்கிறார். இரண்டும் வீடுபேற்றுக்குக் கொண்டுபோகும், ஆனால் வேலையை விடுவதைவிட வேலையை யோகமாகச் செய்வது சிறந்தது. அடுத்தாற்போல் இன்னொன்றும் சொல்கிறார்: இந்த இரண்டும் வேறு வேறு என்று பேசுகிறவர்கள் பிள்ளைகள், அறிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஏன் சிறந்தது? ஒரு நொடிகூட எதையும் செய்யாமல் யாராலும் இருக்க முடியாது என்பது அவர் கணக்கு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மனத்துக்குள் ஊரையே மேய்கிறவனை மூன்றாம் அத்தியாயம் பொய்யொழுக்கக்காரன் என்று திட்டுகிறது. ஆறாம் அத்தியாயத்தில் ஒரு படிக்கட்டும் உண்டு. யோகத்தில் ஏற நினைக்கிறவனுக்குச் செயல் கருவி, ஏறி முடித்தவனுக்கு அமைதி கருவி. நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று நமக்கே தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறோம், அவ்வளவுதான்.

பலனை எதிர்பார்க்காம எப்படிண்ணே வேலை செய்யறது? மனுசனால ஆவுற காரியமா?

என் அம்மா கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நுழைவார். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். உளியைப் பட்டையில் வைத்து மெல்லிசாக ஓர் இழுப்பு. கனம் குறைந்தால் பால் வராது, ஆழம் கூடினால் கட்டை தெரிந்து மரம் புண்ணாகும். நானூறு, ஐந்நூறு மரம். வெட்டி முடித்ததும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார். அந்த நேரம் அவர் செய்ய எதுவும் இல்லை. மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சொட்டுவது மரத்தின் வேலை.

சில நாள் சேர்க்கப் போகுமுன் மழை பிடித்துக்கொள்ளும். மங்கில் இருந்த அத்தனையும் தண்ணீரோடு வழிந்து போகும். அன்று காலையெல்லாம் செய்த வேலை மண்ணோடு போயிற்று. மறுநாள் அவர் அதே கனத்தில்தான் சீவினார். நேற்றுப் போனதை இன்று பிடிக்கலாம் என்று ஆழமாக இழுக்கவில்லை. கீதையில் ‘செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை’ என்ற இரண்டாம் அத்தியாய வரியை வாசிக்கும்போது எனக்கு அந்த மறுநாள் இழுப்புதான் ஞாபகம் வரும். அம்மாவைக் கர்ம யோகி என்று நான் சொல்ல வரவில்லை. மழையைத் திட்டுவார், நன்றாகவே திட்டுவார். கை மட்டும் மாறாது.

ஆக, பலன் வேண்டாம் என்பதல்ல. பால் வேண்டும் என்றுதானே வெட்டுகிறோம்? வராவிட்டால் அந்த ஆத்திரம் அடுத்த வெட்டுக்குள் இறங்கக் கூடாது.

‘சும்மா இரு’ன்னு முருகனே சொல்லியிருக்காரு. அப்புறம் எதுக்கு வேலை, தொண்டு எல்லாம்?

இதைக் கேட்ட தம்பி அரை நாளாகத் திடல் ஓரத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்தவர், அதனால் சிரித்துவிட்டேன். அருணகிரிநாதர் கந்தரனுபூதியில் ‘சும்மா இரு சொல் அற’ என்று முருகன் தமக்குச் சொன்னதாகப் பாடுகிறார். சொல் அற என்பதைக் கவனியுங்கள். வாயில் மட்டுமல்ல, உள்ளே ஓடுகிற பேச்சும் அற வேண்டும். அதைக் கேட்டதும் வேறு ஒன்றும் தெரியாமல் போயிற்று என்கிறார். தாயுமானவரோ யானையையும் கரடியையும் வசப்படுத்தலாம், தண்ணீர்மேல் நடக்கலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்கிறார். மோட்டாரில் சாய்வது அரிதா?

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதைப் பிரித்தே வைக்கிறது. கடமையை மயக்கத்தால் விடுவது தாமசத் துறவு. உடம்பு நோகும் என்று பயந்து விடுவது ராஜசத் துறவு, அதற்குத் துறவின் பலன் கிடையாது. மூன்றாவதில் வேலை நடக்கும், ஒட்டுதல்தான் போகும்.

கீதை பெருமாள் பக்கம். நாம சைவம். நம்ம பக்கம் இந்தப் பேச்செல்லாம் உண்டா?

தாராளமாக உண்டு. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறி சொல்கிறது. கோயிலைக் கூட்டுவது, விளக்கேற்றுவது, பூத்தொடுப்பது சரியை. முறைப்படி பூசை செய்வது கிரியை. உள்ளே ஒடுங்குவது யோகம். அவனை அறிந்து நிற்பது ஞானம். இந்த நான்கும் அரும்பு, மலர், காய், கனி போல என்று தாயுமானவர் சொல்லிவிட்டார். அரும்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கனிக்குக் காத்திருக்க முடியாது. அதே சமயம் அரும்பாகவே நின்றுவிட்டால் அதுவும் சரியில்லை. நால்வரையும் இப்படியே வரிசைப்படுத்துவார்கள்: அப்பர் சரியை, சம்பந்தர் கிரியை, சுந்தரர் யோகம், மாணிக்கவாசகர் ஞானம். அப்பரைக் கீழ்ப்படி என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

பெரியபுராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பர் கையில் உழவாரம், அதாவது புல் செதுக்கும் கருவி. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்திலெல்லாம் பொன்னும் மணியும் கிடந்தன. அவற்றையும் கல்லோடு கல்லாக உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டு அடுத்த புல்லுக்குப் போனார். ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று பாடியவர், பாடியபடியே இருந்தார்.

இந்தப் பக்கம் திருநின்றவூர்ப் பூசலார். கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சர் வைத்து, அடித்தளம் முதல் சிகரம் வரை கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் தன் கற்கோயிலுக்கு நாள் வைத்திருந்தான். சிவபெருமான் அரசன் கனவில் வந்து, நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்றார். அரசன் நின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்டால், இந்த ஊரில் அப்படி ஒன்றும் கட்டவில்லையே என்கிறார்கள். கையால் செய்தவரும் நாயன்மார், மனத்தால் செய்தவரும் நாயன்மார். நடுவில் குயவர், வண்ணார், மீனவர் என்று அவரவர் தொழிலை விடாமலே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில காவடி எடுக்கறது கர்ம யோகமா?

வேண்டுதலுக்கு எடுத்தால் அது பலன் கருதிய செயல், காமியம் என்பார்கள். தப்பில்லை. துன்பம் வந்தவன், பொருள் வேண்டுகிறவன், அறிய விரும்புகிறவன், ஞானி என்று நால்வர் தன்னைத் தேடி வருவதாகக் கிருஷ்ணர் சொல்லி, நால்வரும் நல்லவர்களே என்கிறார். நேர்ந்தது நடக்காதபோதும் அடுத்த வருடம் அதே 272 படியை அதே மனத்தோடு ஏறினால், அப்போது பேசலாம்.

சேவைன்னு கோயில் கமிட்டியில சேர்ந்தேன். சண்டைதான் மிச்சம். இதுக்குத் தியானமே மேலில்லையா?

என் கதையைச் சொல்கிறேன். ஒரு கோயிலில், எந்தக் கோயில் என்று வேண்டாம், ஏழு வருடம் கணக்குப் பார்த்தேன். கும்பாபிஷேகத்துக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலித்தேன். கல்வெட்டு வைத்தார்கள். திறந்து பார்த்தால் பந்தல் போட்டவர் பெயர்கூட இருக்கிறது, என் பெயர் இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குப் பெயர் முக்கியமே இல்லை என்று விடிய விடிய எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முக்கியமில்லை என்றால் ஏன் விடிய விடிய?

அந்த ராத்திரிதான் ஏழு வருடச் சேவையில் உருப்படியாகக் கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது. தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், பெயருக்கு அலைகிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருக்காது. அங்கே யார் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள்? செயல் மனத்தைச் சுத்தம் செய்கிறது என்று ஆசாரியர்கள் சொல்வது இதைத்தான். துணியை அலசினால்தானே அழுக்கு வெளியே வரும்? ஆனால் சண்டை உங்களை நாளுக்கு நாள் கசப்பாக்கினால், ஒரு வருடம் ஒதுங்கி உட்காருங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ரெண்டு ஷிப்ட் பாக்குறேன் சார். உட்கார்ந்தா தூக்கம்தான் வருது.

தூங்குங்கள். அளவாக உண்டு, அளவாக உறங்கி, அளவாக உழைப்பவனுக்குத்தான் யோகம் துன்பம் தீர்க்கும் என்று கீதையே சொல்கிறது. இரண்டு ஷிப்ட்டுக்கு நடுவில் பத்து நிமிடம் கிடைத்தால் பேசாமல் இருந்து பாருங்கள், போதும்.

காலைல நாலு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் அடுப்பு, புள்ளைங்க, மாமியார். இதுவும் யோகம்னு சொல்லித்தானே எங்கள ஏமாத்துறீங்க?

இந்த அக்கா கேட்டதும் மண்டபமே அமைதியாகிவிட்டது. முதலில் கதை. மகாபாரதத்தில் கௌசிகன் என்று ஒரு தவசி. மேலே எச்சமிட்ட கொக்கைப் பார்வையாலேயே எரித்தவன். பிச்சைக்குப் போன வீட்டில் அந்த அம்மாள் கணவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் வந்தாள். இவன் முறைக்க, நான் கொக்கல்ல என்றாள். அதற்குமேல் தெரிய வேண்டும் என்றால் மிதிலையில் இறைச்சி விற்கிறவனிடம் போய்க் கேள் என்றாள். தமிழில் இதே கதை வள்ளுவர் வீட்டு வாசலில் நடக்கும், ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ என்று. காட்டில் உட்கார்ந்து பெற்றதை அடுப்படியிலும் கசாப்புக் கடையிலும் பெறலாம் என்பது கதை.

ஆனால் அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யோகம் என்பது செய்கிறவர் தாமாக ஏற்றுக்கொள்வது, அடுத்தவர் தலையில் கட்டுவதல்ல. உங்கள் வீட்டு ஆண்கள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுச் சோபாவில் சாய்ந்தால், அவர்களுக்கும் கர்ம யோகம் தேவைப்படுகிறது என்று சொல்லித் தட்டுகளைக் கழுவ அனுப்புங்கள். அந்தத் தவசியை அன்று வாசலில் காக்க வைத்ததையும் மறக்க வேண்டாம்.

பலனை எதிர்பார்க்காதேன்னா, முதலாளி சம்பளத்தப் புடிச்சாலும் வாய மூடிக்கிட்டு வேலை செய்யணுமா?

கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கூலி என்பது பேசி ஒத்துக்கொண்டது, அதைக் கேட்பதும் உங்கள் கடமையில் சேர்ந்தது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேலே மழைக் கதையில் சொன்னேனே, மழை பாலைக் கொண்டுபோவது வேறு, நிறுவையில் ஒருவர் விரலை வைப்பது வேறு. எடை போடுகிற வேலையில் இருப்பவன் சொல்கிறேன்.

கிருஷ்ணரே பாண்டவருக்காகத் தூது போய் ஐந்து ஊராவது கொடு என்று பேரம் பேசியவர். உரிமையைக் கேட்டுக் கிடைக்காமல் போன பிறகு, சண்டையை விட்டுவிட்டு ஓடப் பார்த்தவனுக்குச் சொன்னதுதான் கீதை. 1941இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொல்லியும் கேட்டார்கள். அதைச் செய்தவர்கள் பலனில் பற்று வைத்துவிட்டார்கள் என்று யாராவது கீதையைக் காட்டினால், காட்டுகிறவர் யார் என்று பாருங்கள். கேட்கும்போது உள்ளே வெறுப்பு எரியாமல் கேட்க முடிகிறதா என்பதுதான் யோகம். அது கடினம், ஒத்துக்கொள்கிறேன்.

என் மவனுக்கு இருபத்து மூணு. வேலைய விட்டுட்டு இமயமலைக்குப் போறேங்கறான். தடுத்தா பாவமா?

இந்த மண்ணிலிருந்தே ஒருவர் அப்படிப் போயிருக்கிறார். பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, 1913இல் மலாயா வந்து நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். பிறகு ஜொகூர். பத்து வருடம் நோயாளிகளோடு இருந்துவிட்டு 1923இல் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பினார், அடுத்த வருடம் ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கிச் சிவானந்தர் ஆனார். காவி கட்டிய பிறகும் யாத்திரிகர்களுக்கு மருந்து கொடுப்பதை அவர் விடவில்லை. 1936இல் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்குப் பத்துமலையில் ஆசிரமம் இருக்கிறது. மகனைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய் வாருங்கள்.

ரமணர் பதினாறு வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை போனவர்தான். ஆனாலும் வீட்டை விடலாமா என்று கேட்டு வந்தவர்களிடம், காட்டுக்குப் போனாலும் மனம் கூடவே வரும் என்றுதான் சொன்னார். தடுப்பது பாவமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகனிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். எதை நோக்கிப் போகிறாய், எதை விட்டு ஓடுகிறாய்? சும்மா இரு பற்றிய பதிலில் சொன்ன மூன்று துறவையும் அவனோடு சேர்ந்து வாசியுங்கள். அப்புறம் மோட்டார்க் கடன் பாக்கி எவ்வளவு என்றும் கேளுங்கள், சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சங்கரர் ஞானம் ஒண்ணுதான் வழிங்கறாரு. நீங்க கர்மம் கர்மங்கறீங்க. யார் சரி?

சங்கரர் வாதம் இது: செயலுக்கு ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணம் வேண்டும், ஞானம் அந்த எண்ணத்தையே அழிக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்றாக நிற்காது. கர்மம் மனத்தைத் தூய்மை செய்யும், விடுவிப்பது அறிவு மட்டுமே. ராமானுஜருக்குக் கர்மமும் ஞானமும் பக்திக்கு உறுப்புகள். திலகர் பர்மாவின் மண்டலைச் சிறையிலிருந்து எழுதி 1915இல் வெளிவந்த கீதை உரை, ஞானம் வந்த பிறகும் செயல்தான் கீதையின் பேச்சு என்று வாதாடுகிறது. வேடிக்கை பாருங்கள், செயலே வழி என்றவர் அதைச் சிறை அறையில் உட்கார்ந்து எழுதினார். செயல் வழியல்ல என்றவர் நாடு முழுக்க நடந்தார்.

நான் பார்த்தவரை, முதல் படிக்குச் செயல் வேண்டும் என்பதில் இவர்கள் யாருக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் கடைசிப் படியைப் பற்றி. நாங்கள் வகுப்பில் செருப்பையே இன்னும் வரிசையாக விடுவதில்லை, கடைசிப் படிக்கு இப்போது என்ன அவசரம்?

தியானமும் ஒரு செயல்தானே? அப்ப எங்க ரெண்டு வழி?

பதினைந்து வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி, நான் ஒரு வாரம் தவணை வாங்கினேன். ரமணரின் உபதேச உந்தியார் முப்பதே பாட்டு. அதில் பூசை உடலின் தொழில், செபம் வாக்கின் தொழில், தியானம் உள்ளத்தின் தொழில், ஒன்றைவிட ஒன்று உயர்வு என்று வருகிறது. ஆக நீ சொன்னது சரி, தியானமும் தொழில்தான். அதிலும் பலன் தேடலாம், அதிலும் கல்வெட்டில் பெயர் தேடலாம். நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன் என்று சொல்லித் திரிகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கையா மனமா என்று பிரிப்பதைவிட, செய்கிறேன் செய்கிறேன் என்று உள்ளே ஒருவன் சத்தம் போடுகிறானே, அவன் எப்போது அடங்குகிறான் என்று பார்ப்பது எனக்குப் பயன்படுகிறது.

எங்கம்மா படுத்த படுக்கை. கையும் ஓடாது, மனசும் நிக்காது. அவங்களுக்கு எது வழி?

இந்த இரண்டும் முடியாதவர்களை விட்டுவிட்டு எந்த ஆசாரியரும் போகவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு பதினெட்டாம் அத்தியாயத்தின் முடிவில் கிருஷ்ணர், அனைத்தையும் விட்டு என்னிடம் வா, கவலைப்படாதே என்கிறார். வைணவர்கள் இதைச் சரமசுலோகம், அதாவது முடிவான சுலோகம், என்று தலையில் வைத்துக்கொள்வார்கள். சரணடைய உடம்பில் தெம்பு வேண்டாம். காதருகில் அவர்கள் சாமி பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லாவிட்டால் பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கள். அது உங்களுக்குத் தொண்டு, அவர்களுக்கு என்ன என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

என் அம்மா கடைசி இரண்டு மாதம் யாரையும் அடையாளம் சொல்லவில்லை. விடியற்காலை ஐந்து மணி வாக்கில் மட்டும் வலது கை போர்வைக்கு வெளியே வரும். மணிக்கட்டு உள்பக்கமாக ஒரு முறை மெல்ல இழுக்கும். கொஞ்சம் நிற்கும். பிறகு அடுத்த மரம்.